வயிறு நிறைந்த கொசு

கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதுமே, அவள் மகளையும் துணிப்பையையும் வாரிக்கொண்டு சுவர் அலமாரிக்குள் புகுந்துவிட்டாள்.

ஐந்து வயதுக் குழந்தை. அழுதிருக்கலாம். அழவில்லை. அப்பாவின் செருப்புச் சத்தம் அதற்கும் தெரியும்.

"உங்க மச்சினி வெளிநாடு போனதிலேர்ந்து வீடு பூட்டியேதான் சார் கெடக்கு" என்றார், கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன்.

தங்கை கொடுத்துவைத்துப் போன மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அலமாரிக் கதவின் சட்டங்களுக்கு இடையே அவனுடைய முதுகு தெரிந்தது.

அந்த இடுக்கு வழியாகத்தான் கொசுக்களும் வந்தன.

ஆறாவது மாடிக்குக் கொசு ஏறாது என்பார்கள். லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரில் பிறந்து, லிஃப்டிலேயே ஏறி வந்தவை இவை. காலியாகக் கிடந்த மாடியில், மூச்சு வந்த இடத்தைத் தேடி வந்து மொய்த்தன.

அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்?

ஒன்று குழந்தையின் கன்னத்தில் உட்கார்ந்தது. அடித்தால் சத்தம் கேட்கும். போன வாரம் அவன் முறுக்கி ஒடித்து, கட்டுப் போட்டிருந்த சுண்டுவிரலால் அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, கட்டில்லாத மறு கையை அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

கொசு அதை ஏற்றுக்கொண்டது. நிதானமாகக் குடித்தது.

பிறகு கனத்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு இடுக்கு வழியாக வெளியே போனது. தள்ளாடித் தள்ளாடிப் பறந்து, வெள்ளைச் சுவரில், அவன் தலைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது.

அங்கே வேண்டாம். எழுந்திரு. போய்விடு.

படீரென்று ஓர் அடி.

அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். சிவப்பாக இழுவியிருந்தது.

"பூட்டின வீட்டுக் கொசுவுக்கு ரத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?"

செருப்பு அலமாரிப் பக்கம் திரும்பியது. ஓர் எட்டு வைத்தது. நின்றது. இன்னும் ஓர் எட்டு.

"என்னோடது சார்." வாட்ச்மேன் பிடரியைப் பரபரவென்று சொறிந்தார். "உள்ள வந்ததுமே கழுத்துல ஒரே புடுங்கு. சனியன், எவ்வளவு குடிச்சிருக்கு பாருங்க! நீங்க இறங்குங்க சார், நான் பூட்டிட்டு வர்றேன்."

அவன் நகரவில்லை. காதருகே இன்னொன்று வந்து பாடியது. கையை வீசி விரட்டினான், முணுமுணுத்தான், வெளியேறினான்.

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

வாட்ச்மேன் உள்ளேயே நின்றிருந்தார். அலமாரிப் பக்கம் திரும்பாமல், கைக்குட்டையால் சுவரைத் துடைத்தபடி மெல்லக் கேட்டார்:

"சாயங்காலம் கொசுவலை கொண்டாறேம்மா. பாப்பாவுக்கு மட்டும் போதுமா, ரெண்டு பேருக்கும் சேத்துப் பெருசா வேணுமா?"