ஒன்பதாவது அழைப்பு

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் ஓர் அறையில் நொய்யல், பவானி என்று இரண்டு கணினி சர்வர்கள் இருந்தன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நொய்யல் மட்டும் விழித்திருக்கும், பவானி தூங்கும். காத்திருப்பவர்கள் பத்துப் பேரானால்தான் பவானியை எழுப்பலாம் என்பது சுவரில் இருந்த மின்மீட்டர் போட்ட சட்டம்.

ஒரு மழைநாள் மதியம் அழைப்புகள் குவிந்தன. ஒன்பதாவதாக வந்தவர் ஒரு விவசாயி. வயலில் அவர் மனைவியைப் பாம்பு கடித்திருந்தது.

"பவானியை எழுப்பட்டுமா?" என்று கேட்டது நொய்யல்.

"இன்னும் ஒருத்தர் வரட்டும்," என்றது மீட்டர். "போன மாசமும் இப்படித்தான் அவசரப்பட்டு எழுப்பினே. அது கண் முழிக்கவே மூணு நிமிஷம், ஒரு மணி நேரத்துக் கரண்ட். முழிச்சுப் பார்த்தா வேலையே இல்லை."

அன்று வாங்கிய ஏச்சை நொய்யல் மறக்கவில்லை. விவசாயியை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் இருந்தவர்களைக் கவனித்தது.

"வண்டி கெளம்பிருச்சுங்களா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை, லைன் அறுந்துவிட்டது.

"பார்த்தியா, எழுப்பாமலே வரிசை குறைஞ்சிடுச்சு," என்றது மீட்டர்.

நொய்யல் பவானியை எழுப்பியது. மூன்று நிமிஷம் கழித்துக் கண் விழித்த பவானி, முதல் வேலையாக வண்டியை அனுப்பிவிட்டு அந்த எண்ணை அழைத்தது. வெகுநேரம் மணி அடித்த பிறகு விவசாயி எடுத்தார்.

"வண்டி வந்துக்கிட்டே இருக்குதுங்க," என்றது பவானி.

"இனி மெதுவாவே வரட்டுங்க," என்றார் அவர்.