வெளி ஆள்

“வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?” என்றான் எதிரில் உட்கார்ந்திருந்தவன்.

“ஐயையோ! தெரிஞ்சா குடும்பமே ரெண்டாயிடும்” என்றாள் அவள். தேநீர்க் கடையின் கடைசி மேஜை அது. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கணவனுக்குத் தெரியாமல் அவள் செய்கிற முதல் காரியம் இது.

“வெப்சைட் மாத்துறதுக்கு இவ்வளவு பயப்படுற ஆளை நான் பார்த்ததே இல்ல மேடம்.”

அவனுக்கென்ன, வெப்சைட் டிசைனர். அவள் திருட்டுத்தனமாகப் பார்த்த மூன்றாவது டிசைனர். அவன் வீட்டில் கொழுந்தன் கிடையாதே!

அவளுடையது தலையணை உறை, மெத்தை உறை தைத்துத் தரும் கடை. இரண்டு தையல்காரர்கள் அதை நம்பிப் பிழைக்கிறார்கள். கடையின் வெப்சைட்டைச் செய்து கொடுத்தது கணவனின் கூடப் பிறந்த தம்பி, அதுவும் இலவசமாக. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாடு வாயையே திறக்கவில்லை.

கடை இடம் மாறி ஏழு மாதம் ஆயிற்று. வெப்சைட்டில் இன்னும் பழைய விலாசம், பழைய போன் நம்பர். போன வாரம் ஒரு விடுதிக்காரர் இருநூறு தலையணை உறை தைக்கக் கொடுக்க வந்து, பழைய இடத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இப்படி இன்னும் ஒருத்தர் போனால் தையல்காரர்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கொழுந்தனிடம் சொன்னால், “நாளைக்குப் பண்ணிடலாம் அண்ணி” என்பான். அந்த நாளை இன்றுவரை விடியவில்லை. சரி, பாஸ்வேர்டையாவது கொடு என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிட மாட்டான்.

“வீட்டுலயே பிள்ளையை வெச்சுக்கிட்டு வெளி ஆள் எதுக்கு?” என்பார் மாமியார். “அவன் மனசு நோகும், விடு” என்பான் கணவன். எல்லாருடைய மனசும் நோகாமல் இருக்க, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இவள் ஒருத்தி.

முதலில் பார்த்த டிசைனர் தன் பெருமையைத் தவிர வேறு பேசவில்லை. இரண்டாவது ஆள், “பழைய டிசைனர் நம்பர் கொடுங்க, நானே பேசிக்கிறேன்” என்றான். பாதித் தேநீரில் எழுந்து ஓடி வந்துவிட்டாள்.

“பழைய ஆள் யாருன்னு மட்டும் கேக்காதீங்க” என்றாள் இவனிடம்.

“எனக்கெதுக்குங்க அது? நாங்க செஞ்ச வேலையைப் பாருங்க” என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.

ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் வெப்சைட். கண்ணுக்குக் குளுமையாக இருந்தது. நீலக் கட்டம் போட்ட துணியின் மேல் கண்ணாடிகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். தொழில் புத்தி எங்கே போகும்? அவள் கண் கண்ணாடியை விட்டுவிட்டுத் துணி ஓரத்துக்குப் போயிற்று. மஞ்சள் நூலில் இரட்டைத் தையல், நம் கடைத் தையல் போலவே நேர்த்தி. செய்தவனுக்கு நல்ல பொருள் எதுவென்று தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“ஒரு திருத்தம் சொன்னா எத்தனை நாள் ஆகும்?”

“காலையில சொன்னா சாயங்காலம் முடிஞ்சிடும். வெளியில பேசுறதுதான் நான். உக்காந்து செய்யுறதுக்கு ஒருத்தர் இருக்கார், வேலைன்னா புலி.”

“நாளைக்குப் பண்ணலாம்னு சொல்லுவாரா?”

“அந்த வார்த்தையே அவர் வாயில வராது மேடம்.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு வேறு யாரிடமும் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்று அவன் நீட்டிய தாளில், ‘முப்பது வருஷம் என்றாலும் சரி’ என்று எண்ணிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

“பாஸ்வேர்டுக்கு என்ன பண்றது?”

“எங்க ஆளு ஏதாவது வழி சொல்லுவார். கடைப் பேரு, விவரம் எல்லாம் இப்பவே அனுப்பிடுறேன்.”

“பழைய ஆள் ஒரு சோம்பேறி, போதாக்குறைக்குத் தொட்டாச்சிணுங்கி. அதையும் சேர்த்துப் போடுங்க” என்றாள். ஏழு மாதத்து ஆத்திரம் அது. அவனும் சிரித்துக்கொண்டே போனில் ஒரு எழுத்து விடாமல் தட்டி அனுப்பினான்.

தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

எப்போதும் அறையைச் சாத்திக்கொண்டு ‘வெளி வேலை’ என்று ஏதோ செய்துகொண்டிருக்கும் கொழுந்தன், இன்றைக்குக் கூடத்து மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மடிக்கணினிக்கு அடியில் ஒரு துணி விரித்திருந்தது. நீலக் கட்டம், ஓரத்தில் மஞ்சள் நூலில் இரட்டைத் தையல். போன மாதம் கடையிலிருந்து அவன் கேட்டு வாங்கிப்போன துணி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். குரலை உயர்த்தவே இல்லை.

“அந்தத் தொட்டாச்சிணுங்கிகிட்ட பாஸ்வேர்டை எப்படி வாங்குறதுன்னு என்னைக் கேட்டிருக்காங்க அண்ணி. நாளைக்குச் சொல்றேன்னு பதில் போடட்டுமா?”