தீவில் படித்த டாக்டர்

கூட்டத்துக்கு நடுவே அப்பா எழுந்து நின்று கத்த ஆரம்பித்ததும், லிடியா பச்செகோ தலையைக் குனிந்துகொண்டாள்.

“எவன்டா கான்கிரீட்ல இவ்வளவு தண்ணிய ஊத்தினது?”

ஹாமில்டன் நகரத்து ஓட்டல் ஒன்றின் கூட்ட அறை அது. கரீபியன் தீவில் இருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆட்கள் பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்தார்கள்.

மேடையில் பேசிக்கொண்டிருந்த டாக்டர் ஓவன் பிராடி நிறுத்தினார். அதே கல்லூரியில் படித்தவர். கடலைப் பார்த்த வகுப்பறைகளையும் தான் பட்டம் வாங்கிய நாளையும் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்.

லிடியா அப்போதுதான் ஒரு கேள்வி கேட்கக் கையைத் தூக்கியிருந்தாள்.

கனடாவில் ஒரு மருத்துவக் கல்லூரியும் அவளை எடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று போலந்தில், இன்னொன்று இந்தத் தீவில். போலந்தில் நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கவே புது மொழி படிக்க வேண்டும். தீவு கிட்டத்தில் இருக்கிறது. அங்கே எல்லாம் ஆங்கிலம்தான்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். படித்துவிட்டுத் திரும்பி வந்தால் இங்கே ஏதாவது ஆஸ்பத்திரி பயிற்சிக்கு எடுக்குமா? அந்தப் பயிற்சி இல்லாமல் யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

அதைக் கேட்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“காலைலயே ஏத்திட்டு வந்துட்டாரு போல,” என்றார் பின்வரிசையில் ஒருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

லிடியா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா அர்மின்தோ உதறினார். லெமிங்டன் ஊரில் பசுமைக்குடில்களுக்குக் கான்கிரீட் தளம் போடுகிறவர், கட்டுமஸ்தான ஆள். அவர் உதறிய வேகத்தில் முன் நாற்காலி சாய்ந்தது.

ஓட்டல் காவலாளிகள் இருவர் வாசலிலிருந்து வந்தார்கள். “சார், கொஞ்சம் வெளிய வாங்க.”

அப்பா குடிக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நொடியில், அவரோடு வந்தவள் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

பிராடி மேடையிலிருந்து குதித்தார்.

காவலாளிகளை விலக்கிவிட்டு அர்மின்தோவின் மணிக்கட்டைப் பிடித்தார். நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். கை நனைந்தது.

“இன்சுலின் போடுறாரா?”

“ஆமா.”

“காலைல சாப்பிட்டாரா?”

லிடியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடியும் முன்னே கிளம்பியிருந்தார்கள். அப்பா காரில் உட்கார்ந்தபடியே ஊசி போட்டுக்கொண்டார். போய்ச் சாப்பிட்டுக்கலாம் என்றார். வழி முழுக்க அவள் தீவையும் போலந்தையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

“குடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சர்க்கரை இறங்கிடுச்சு. ஜூஸ் கொண்டாங்க, சீக்கிரம்!”

யாரோ ஆரஞ்சுச் சாறு கொண்டு ஓடிவந்தார்கள். பிராடி கோட்டுசூட்டோடு தரையில் மண்டிபோட்டு, அர்மின்தோவைச் சாய்த்து உட்காரவைத்து, வாய்வாயாகப் புகட்டினார்.

“கான்கிரீட்ட அப்புறம் பாத்துக்கலாம் தலைவரே. முதல்ல இதக் குடிங்க.”

கொஞ்சம் கொஞ்சமாக அர்மின்தோவின் பார்வை நிலைக்கு வந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“நான் ஏதாவது உளறினேனா?”

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு அறை முழுக்கத் தட்டியது. பின்வரிசைக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

பிராடி அது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நாடி சீரான பிறகும் வெகுநேரம் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் அத்தோடு முடிந்தது. பேர் கொடுக்கிற மேசைக்கு முன்னால் வரிசை வாசல்வரை போனது.

அர்மின்தோ ஓர் ஓரமாக உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தார். “இன்னும் என்ன யோசனை மகளே? போலந்தும் வேணாம், கீலந்தும் வேணாம். இப்பேர்ப்பட்ட டாக்டர உண்டாக்கின இடம் உனக்குப் போதும். போ, பேரக் கொடு.”

லிடியாவுக்கும் அதுவே சரி என்று பட்டது. இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? போய் வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் பிராடிதான் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தரைவிரிப்பின் தூசு இன்னும் ஒட்டியிருந்தது. லிடியா பேனாவை எடுத்துக்கொண்டாள்.

“இனிமே உங்ககிட்டதான் காட்டணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு டாக்டர். நீங்க எந்த ஆஸ்பத்திரில இருக்கீங்க?”

நன்றி சொல்கிற மாதிரிதான் கேட்டாள்.

பிராடி அவளுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு மேசைமேல் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“எங்கயும் இல்லம்மா. படிச்சு முடிச்சு ஊருக்கு வந்தேன். வருஷா வருஷம் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். ஒருத்தரும் எடுக்கல. அப்புறம் காலேஜுக்கு ஆள் சேக்குற இந்த வேலைதான். டாக்டரானதுக்கப்புறம் நான் தொட்டுப் பாத்த முதல் நோயாளி உங்க அப்பா.”



அவர் அவள் விரல்களுக்கு இடையிலிருந்து பேனாவை மெதுவாக உருவிக்கொண்டார். நிமிர்ந்து, மேடையில் பேசிய அதே குரலில் கூப்பிட்டார்.

“அடுத்து யாருங்க? வாங்க, வாங்க!”