மூலை இருக்கையின் விளக்கு

அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். மறுபடி நாற்காலியைப் பார்த்தாள்.

எந்த ஊழியர் எப்போது அசைவார், யாருடைய விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி மாடல் ஒன்றை அவள் உருவாக்கிக்கொண்டிருந்தாள். அதற்காகவே ஒவ்வோர் இருக்கைக்கு மேலும் ஒரு சென்சார். ஆள் அசைந்தால் விளக்கு எரியும். அசைவு நின்றால் சற்று நேரத்தில் அணையும்.

எல்லோரும் கணக்குக்குள் அடங்கினார்கள், மூலை இருக்கை ஜெசிந்தாவைத் தவிர. சாப்பாட்டுக்குப் பின் அலுவலகமே கண் சொக்கும் நேரத்தில் அவர் விளக்கு மட்டும் அணைவதே இல்லை. இப்படியும் ஓர் உழைப்பாளியா என்று நேரில் பார்க்க வந்திருந்தாள்.

நாற்காலி முதுகில் கைப்பை. திறந்த கோப்பின் மேல் மூக்குக்கண்ணாடி.

தண்ணீர் பிடிக்கப் போனவர் அந்த நாற்காலிக்கு மேல் கையை ஒரு வீசு வீசிவிட்டுப் போனார்.

கொசு எதுவும் இல்லை.

பின்னால் வந்த பெண்ணும் வீசினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு மாடியே கூடியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இத்தனை மாத உழைப்பு.

பக்கத்து இருக்கை முபாரக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஜெசிந்தா அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருக்காரு. மத்தியானம் சோறு ஊட்ட வேற ஆள் இல்ல. லீவும் தீந்துபோச்சு. இனிமே சீட்ல இல்லன்னா வேலையே இல்லன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க மேடம்."

அவள் மடிக்கணினியில் ஜெசிந்தாவின் அசைவைக் காட்டும் கோட்டைப் பார்த்தாள். பொய்யான தகவலை வைத்து எந்த மாடலும் நிற்காது.

எதிரே கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மேலாளர் முபாரக்கை உள்ளே கூப்பிட்டார். முபாரக் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனார்.

அந்தப் பக்கம் வேறு யாரும் வரவில்லை.

விளக்கு அணைந்தது.

இருக்கைகளைச் சுற்றிய தடுப்புக்கு மேல் விளக்குகள் மட்டும்தான் கண்ணாடி அறைக்குத் தெரியும். வரிசையில் இப்போது ஒன்று குறைந்திருந்தது. மேலாளர் பேசிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கினார்.

தடுப்பின் மறைவில், அந்த நாற்காலிக்கு மேல் அவள் கை அசைந்தது.

மேலாளர் மறுபடி முபாரக்கிடம் ஏதோ கேட்டார்.

மடிக்கணினியில் ஜெசிந்தாவின் கோடு ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறியது.

அவள் அதை அழிக்கவில்லை.