ரோஜா நிறச் சீட்டு

1883 ஏப்ரல் 3, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. மேயர் அம்புரோஸ் டில்லார்ட் மூன்று முறை ஜெயித்தவர் என்று எழுதியிருக்கிறேன், உண்மையில் நான்கு முறை. ஐந்தாவது முறைக்கு நேற்றுத் தேர்தலில் நானும் ஒரு சீட்டுப் போட்டுவிட்டேன்.

கால்வாய்ப் படகுக்குக் கோவேறு கழுதை ஓட்டியவர், தீயணைப்புப் படைக்குத் தலைவராகி, மேயரும் ஆனார். படிக்காமலே உயர்ந்தேன் என்று மேடைதோறும் சொல்வார். விளக்குச் செலவைக் காரணம் காட்டி ஆலைத் தொழிலாளர்கள் எழுத்துப் படித்த எங்கள் மாலைப் பள்ளியைப் பூட்டியவரும் அவர்தான். திறப்பேன் என்றார் எதிர்த்து நின்ற ஹார்க்னஸ்.

ஓட்டுச் சீட்டைக் கட்சிகளே அச்சடித்துத் தரும், நிறத்தைப் பார்த்தாலே யாருக்கு ஓட்டு என்று தெரிந்துவிடும். மேயர் கட்சிச் சீட்டு ரோஜா நிறம், ஹார்க்னஸுடையது வெள்ளை. எங்கள் முதலாளி மேயர் பக்கம், வெள்ளையை எடுத்தால் இரும்பாலையில் என் வேலை போகும். அதனால் ஹார்க்னஸ் பெயர் அச்சிட்ட, பின்பக்கம் பசை தடவிய துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ரோஜாச் சீட்டில் மேயர் பெயர்மேல் அதை ஒட்டிவிட்டால் போதும்.

ஓட்டுப் பெட்டியருகே ஆலை மேஸ்திரி டோபியாஸ் கிளெக் நின்றிருந்தார். மடித்த ரோஜாச் சீட்டை என் கையில் திணித்தார். அவர் விரல் பிசுபிசுத்தது. சுவரொட்டி ஒட்டிய கை போலும்.

"பார்த்துட்டுப் போடறேன் மேஸ்திரி."

"படிக்கத் தெரியும்னு காட்டறியாடா, வாத்தியாரே? பிரிக்காதே, போடு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். போட்டுவிட்டேன். துண்டு பையிலேயே இருந்தது. வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

இன்று மதியம் சேதி வந்தது: டில்லார்ட் தோற்றார். எங்கள் வார்டில் விழுந்த முந்நூறு ரோஜாச் சீட்டில் அவர் பெயர் இருந்தது ஒன்பதில்தான், மற்றதிலெல்லாம் அதன்மேல் ஹார்க்னஸ் துண்டு ஒட்டியிருந்ததாம்.

உலைக்குப் பின்னால் மேஸ்திரியை மடக்கினேன். "எல்லாரும் நீங்க கொடுத்ததைத்தானே போட்டோம்?"

"மெதுவாப் பேசுடா. துண்டு ஒட்டி ஒட்டி விரல் தோலே உரிஞ்சு போச்சு. நீ அங்க பிரிச்சிருந்தா என் கழுத்து போயிருக்கும். முதலாளி கேட்டதுக்கு, ஒட்டினது நீங்கதான், நீங்கல்லாம் களவாணிப் பசங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் தணியவில்லை. "அப்ப என் ஓட்டையும் நீங்கதான் போட்டீங்க. ஹார்க்னஸ் உங்களுக்கு என்ன தர்றான்?"

அவர் சுற்றிலும் பார்த்தார்.

"பள்ளியைப் பூட்டினதுலேருந்து, வியாழக்கிழமை வகுப்புல படிச்ச ஏழாவது எழுத்தோட நிக்கிறேன்டா."

நாளைய வேலை: மேஸ்திரிக்கு எட்டாவது எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுப்பது.