அரண்மனைச் சாப்பாடு

"உன் மகளை இதே பலிபீடத்துலதான் வெட்டினோம். தெரிஞ்சே வந்திருக்கியா?" என்றான் இருள்கூட்டத்தின் குரு.

"அவ போன இடத்துக்கே என்னையும் அனுப்பிடுங்க சாமி."

குருவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ராஜாவின் படையால் அவனை நெருங்கக்கூட முடியவில்லை. அரண்மனை வேலைக்காரனோ தானாக வந்து கையை நீட்டுகிறான்.

மணிக்கட்டை அறுத்து, ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்தார்கள். ஒருவன்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கூட்டமே குடிப்பதுதான் வழக்கம். குடித்தார்கள்.

"அரண்மனைச் சாப்பாட்டுல ஊறின ரத்தம், ருசியே தனி," என்று உதட்டைத் துடைத்தான் குரு. "அங்க உனக்கு என்னடா வேலை?"

"ராஜா சாப்பாட்டுல விஷம் இருக்கான்னு முதல்ல தின்னு பார்க்கிற வேலை. உடம்பு தாங்கணும்னு தினமும் கொஞ்சம் விஷம் தின்பேன். என் ரத்தத்துல ஓடுறதே அதுதான்."

குருவின் கையிலிருந்து கிண்ணம் நழுவியது.

"எனக்குப் பழகிப்போச்சு சாமி. உங்களுக்கு?"