மூன்றாவது மண்சோறு

கோயில் கல்தரையை அவள் மறுபடியும் கழுவினாள்.

போதும் என்றார்கள். நிறுத்தவில்லை.

ஆடி வெள்ளி. பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால். வாய் தரையில். இலை கிடையாது, தட்டு கிடையாது.

போன ஆடியில் அவளும் இப்படித்தான் குனிந்தாள். அதற்கு முந்தின ஆடியிலும்.

முதல் தடவை சோற்றோடு ஒரு கல் பல்லில் பட்டது. துப்பக் கூடாது என்றாள் மாமியார் செண்பகவடிவு. அவள் விழுங்கினாள்.

போன வருடம் அவள் மோவாயில் ஒட்டியிருந்த பருக்கையைக் கணவன்தான் துடைத்துவிட்டான். கைக்குட்டையால். அத்தனை பேர் பார்க்க, அத்தனை அன்பாக.

இன்று காலை தூறல். மழைக்கோட்டு எடுக்க அவனுடைய ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினாள். அடியில் ஒரு பழுப்பு உறை. அவன் பெயர். ஹார்மோன் பரிசோதனை. கூடவே டாக்டரின் சீட்டு.

தேதி, போன வருடத்துக்கு முந்தின வருடச் சித்திரை.

முதல் மண்சோற்றுக்கு மூன்று மாதம் முன்பு.

மருந்துக்கடையில் ஏழு வருடமாக நிற்பவள். எந்த டாக்டரின் கிறுக்கலும் அவளுக்கு அச்செழுத்து.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அது உத்தரவு அனுப்பினால்தான் ஆண் உடம்பில் விந்தணு உருவாகும். இவனுடைய பட்டாணி அனுப்பவில்லை. அவ்வளவுதான். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? ஊசி போட்டால் சரியாக நல்ல வாய்ப்பு. உடனே தொடங்கவும் என்று எழுதியிருந்தார் டாக்டர். அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு.

அந்த ஊசி அவள் கடை ஃபிரிட்ஜில் இருக்கிறது. இரண்டாம் தட்டில். வாங்க வருகிறவர்களுக்கு ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுப்பது அவள்தான். அப்படி வாங்கிப் போன ஒருவர் போன மாதம் லட்டு கொண்டுவந்தார். பெண் குழந்தை.

உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். கோயில் வரும்வரை அவன் முதுகைப் பார்த்தபடி.

அவளுடைய சுரப்பிகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு பரிசோதனையும் அதைத்தான் சொன்னது. இப்போதுகூட, சிறுநீரகங்களின் தலையில் குல்லாய்போல உட்கார்ந்திருக்கிற இரண்டு சுரப்பிகளும் முழுவேகத்தில். நெஞ்சு இடிக்கிறது. வாய் உலர்கிறது. துடைப்பம் நிற்காமல் தேய்க்கிறது.

“ஏட்டி, இன்னுமா கழுவுத? அம்மன் காத்துக் கெடக்கா. போன தடவ நீ மனசு ஒட்டாமத் தின்ன, அதான் தங்கல,” என்றாள் மாமியார்.

பக்கத்தில் நின்ற சின்ன மாமியார் சிரித்தாள். “விடுங்கக்கா. இவ கழுவுத கழுவுல அந்தக் கல்லு பிள்ள பெத்துரும்.”

செண்பகவடிவு ஈரத்தரையில் ஒரு பிடி சோறு வைத்தாள்.

அவள் குனியவில்லை. பாத்திரத்தை வாங்கினாள். அந்தப் பிடிக்குப் பக்கத்தில் இன்னொரு பிடி வைத்தாள்.

“அது யாருக்குட்டி?”

தூணில் சாய்ந்து அவன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க. வந்து குனிங்க.”

வரிசையில் வாய்கள் நின்றன.

“ஆம்பளை மண்சோறு திங்கதா? ஊரே சிரிக்குமேட்டி!” என்றாள் செண்பகவடிவு.

அவள் கைப்பையைத் திறந்தாள். உறையைப் பாதிவரை வெளியே எடுத்தாள். பழுப்பு.

அவன் செல்போனைச் சட்டைப்பையில் வைத்தான். பை தவறி, போன் கல்லில் விழுந்தது. எடுக்கவில்லை.

செண்பகவடிவு உறையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அப்புறம் எதையும் பார்க்கவில்லை.

அவன் வந்தான். முழங்கால் போட்டான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் தன் பங்குச் சோற்றைத் தரையிலிருந்து வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். புடவையில் கையைத் துடைத்தாள்.

அவன் நெற்றி கல்லைத் தொடும்வரை நின்றாள்.

“கல்லு கெடந்தா துப்பக் கூடாது,” என்றாள்.